போன்னா வான்னு அர்த்தம்

எதுத்த வீட்டு அக்கா எங்கள் வாசலில் நின்றபடியே, "செவ்வாக்கிழம சாயங்காலம் ஐயர் வாராக, வீட்ல இரு" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு அப்போது இருந்த அலுப்பில் ஏன், எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை. சரிக்கா என்று தலையை ஆட்டிவிட்டேன். அவள் போய்த் தன் வீட்டுக் கதவைச் சாத்திய பிறகுதான் எனக்குக் கவலை பிடித்தது.

ஐயர் என்றால் எனக்குத் தெரிந்தது ஒரே வகைதான். கல்யாணத்துக்கும் திவசத்துக்கும் பூணூல் போட்டு வருகிறவர். அக்காவோ வேதக்காரி, இயேசுவைக் கும்பிடுகிறவள். அவள் எதற்கு ஐயரைக் கூட்டிக்கொண்டு வருகிறாள்? படுத்துக் கிடக்கிற என் வீட்டுக்காரருக்கு ஏதாவது பரிகாரம் பண்ணச் சொல்லப் போகிறாளோ? செலவு இழுத்துவிடுவாரோ? உட்கார வைக்கப் பலகை வேண்டுமே, பிளாஸ்டிக் சேரில் உட்காருவாரோ மாட்டாரோ? ஒரு விஷயத்தை நான் யோசிக்க ஆரம்பித்தால் அது ஒன்றாக நிற்காது. ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவள்தான், ஆனால் கவலைப்படுவதில் நான் பட்டம் வாங்கியவள்.

செவ்வாய்க்கிழமை முதல் ஷிப்ட் முடிந்து மில்லிலிருந்து வந்ததும் வராததுமாகத் தரையை பினாயில் ஊற்றிக் கழுவினேன். மத்தியானத்துக்கு வைத்திருந்தது நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. அந்தச் சட்டியைத் தட்டு போட்டு மூடி, மேலே ஈரத் துணியைச் சுற்றி, குளியலறை மூலையில் வாளிக்குள் இறக்கி வைத்தேன். முட்டை பொரித்த சட்டியை இரண்டு தடவை விளக்கினேன். ஊதுபத்தி ஒரு கட்டையும் கொளுத்திவிட்டேன். கட்டிலில் கிடந்த வீட்டுக்காரர் புகையில் இருமிக்கொண்டு என்னையே பார்த்தார்.

"போ" என்றார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராஜபாளையத்தில் பஞ்சு குடோன் ஒன்றில் லோடுமேனாக இருந்தவர். ஒரு காலையில் பல் விளக்கிக்கொண்டு நின்றவர் அப்படியே சரிந்தார். வலது பக்கம் இழுத்துக்கொண்டது, பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து சில வாரம் கழித்து ஒரே ஒரு வார்த்தை மட்டும் திரும்பி வந்தது. அந்த வார்த்தை 'போ'. தண்ணீர் வேண்டுமென்றாலும் போ, மின்விசிறியை நிறுத்தச் சொன்னாலும் போ. அழும்போதும் அதைத்தான் சொல்லுவார். எதற்குச் சொல்கிறார் என்று முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சில நாள் எனக்கே பிடிபடாது.

சொந்தக்காரர்களுக்கு எப்படிப் பிடிபடும்? முதலில் ஹார்லிக்ஸும் ஆரஞ்சுமாக வந்தார்கள். வந்தவர்கள் முகத்தைப் பார்த்து இவர் போ என்றார். கான்சாபுரத்தில் இருக்கிற என் அண்ணன் பஸ் பிடித்து வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன மச்சான், எப்படி இருக்கீக?" என்று கேட்டான். போ என்றார். அண்ணன் என்னைப் பார்த்து, "விழுந்து கெடந்தும் திமிரு கொறையல பாத்தியா" என்று சிரித்தான். பாதி விளையாட்டுதான். ஆனால் மீதிப் பாதியை மனதில் வைத்துக்கொண்டு போனவன், பிறகு ஃபோனோடு சரி. ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். கூமாப்பட்டியிலிருந்து தேங்காய் கொண்டுவருகிற சித்தப்பாகூட வாசலோடு மூட்டையை வைத்துவிட்டுத் திரும்புகிறார்.

அந்த வீட்டுக்குத்தான் ஐயர் வந்தார். டி.வி.எஸ். வண்டியில், தலையில் ஹெல்மெட், வெள்ளைச் சட்டை, பின்னால் அவர் வீட்டம்மா. அக்கா முந்திக்கொண்டு உள்ளே வந்து சேரை இழுத்துப் போட்டாள். நான் இன்னும் தெருவையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன், பூணூல் போட்டவர் எங்கே என்று. "வாங்க ஐயரே, உக்காருங்க" என்று அக்கா இந்த மனிதரைச் சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. அவர்கள் கோயிலில் பாதிரியாரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். கோயில் என்று அவர்கள் சொல்வதும் சர்ச்சுக்குத்தான். நான் வாளிக்குள் இறக்கி வைத்த குழம்பை நினைத்துக்கொண்டேன்.

ஐயர் கட்டிலருகே குனிந்து வீட்டுக்காரரின் இடது கையைப் பிடித்தார். நான் எதற்குப் பயந்தேனோ அதுதான் நடந்தது.

"போ" என்றார் இவர். சத்தமாகவே.

எனக்கு நிலத்துக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது. அக்கா அசரவில்லை. "ஐயரே, இவருக்குப் போன்னா வான்னு அர்த்தம்" என்றாள். அப்படி நான் அவளிடம் சொன்னதே இல்லை. அவளாகப் போட்ட போடுதான்.

ஐயர் சேரை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். "எங்க வீட்லயும் எனக்கு இம்புட்டு மரியாததான்" என்றார்.

"வாயத் தொறந்து சொல்றதுக்கு எனக்கேது நேரம்? கையக் காட்டுறதோட சரி" என்றார் அவர் வீட்டம்மா. எல்லோரும் அவரை ஐயரம்மா என்றார்கள்.

ஜெபம் பண்ணினார்கள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஊதுபத்திச் சாம்பலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முடிவில் எல்லோரும் ஆமென் என்றார்கள். ஒரு மூச்சு விட்டு வீட்டுக்காரர், "போ" என்றார். ஐயர் அவர் முகத்தைப் பார்த்து மறுபடி ஒருதரம் ஆமென் என்றார். இவர் மறுபடி போ என்றார். இவர் முகத்தில் இடது பக்கம் மட்டும் சிரித்தது. அது சிரிப்புதானா என்று எனக்குச் சந்தேகம். அவர் சிரித்துப் பார்த்து அத்தனை நாளாகியிருந்தது.

கிளம்பும்போது ஐயரம்மா நின்றார். "பினாயிலுக்கு அடியில ஒரு வாசம் வருதே. நெத்திலியா?"

நான் திருதிருவென்று முழித்தேன். "இல்லம்மா… ஐயர் வாராகன்னு அக்கா சொன்னாக. அதான் எடுத்து உள்ள…"

அக்காவுக்குத்தான் முதலில் புரிந்தது. ஈரத்தரை என்றும் பாராமல் உட்கார்ந்துவிட்டாள். "ஏட்டி, எந்த ஐயர்னு நெனச்ச? எங்க ஐயரு கோழியவே விடமாட்டாரு, கருவாட்டையா விடப் போறாரு. கொண்டா இங்க." வாளியிலிருந்து சட்டி வெளியே வந்தது. மூன்று பேரும் தரையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். உப்பு கொஞ்சம் தூக்கல். அதற்காகவும் நான் அந்த வாரம் முழுக்கக் கவலைப்பட்டேன்.

அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமைதோறும் யாராவது வந்தார்கள். அவர்கள் கோயில் பெண்கள் சங்கத்தில் முறை போட்டுக்கொண்டு ஒருத்தர் மாற்றி ஒருத்தர். வீட்டுக்காரருக்குக் கஞ்சி கொடுப்பார்கள், பேப்பர் வாசித்துக் காட்டுவார்கள், செத்த நேரம் இருந்துவிட்டுப் போவார்கள். அவர் போ என்றால், "வந்துட்டேன், வந்துட்டேன்" என்பார்கள். மற்ற நாளில் அவர் ஒற்றையில்தான் கிடப்பார், அக்கா இடையில் எட்டிப் பார்ப்பதோடு சரி. அந்த ஒரு நாள்தான் மில்லில் நான் நிம்மதியாக நிற்கிற நாள். நூற்பு மில்லில் சைடு பார்க்கிற வேலை எனக்கு. மெஷின் நீளத்துக்கும் நடந்துகொண்டே இருக்க வேண்டும், அறுந்த நூலைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஃபோனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். சூப்பர்வைசர் என் பக்கமாக நடந்து வந்தாலே, சோறு புரையேறிவிட்டது, ஆள் போய்விட்டார், அதைச் சொல்லத்தான் வருகிறார் என்று அறுந்த நூலை அப்படியே விட்டுவிட்டு நிற்பேன். அவர் வேறு யாரையோ திட்டப் போய்க்கொண்டிருப்பார். செவ்வாய்க்கிழமை மட்டும் அவர் எங்கே வேண்டுமானாலும் நடந்துகொள்ளட்டும் என்று இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவோடு கோயிலுக்குப் போக ஆரம்பித்தேன். வீட்டில் மாடத்தில் எங்கள் சாமி படம் இருக்கிறது, அதற்கு விளக்குப் போடுவதையும் விடவில்லை. அதைப் பற்றி இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வது என்று ஒரு பயத்தைத் தயாராக வைத்திருக்கிறேன்.

முதல் வாரம் எப்போது எழுந்திருப்பது, எப்போது உட்காருவது என்றே தெரியவில்லை. பாட்டு நம்பர் சொல்வார்கள். நான் பக்கத்தைத் தேடி எழுத்துக் கூட்டுவதற்குள் பாட்டு முடிந்து காணிக்கைப் பை வந்துவிடும். என் இடது பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், தன் புத்தகத்தை நடுவில் வைத்து வரிக்கு அடியில் விரலை ஓட்டிக்கொண்டு பாடினார். விரல் நகர நகர நானும் வாயசைத்தேன். அடுத்த வாரமும் அந்த விரல் வந்தது. இன்றுவரை அவருக்கும் எனக்கும் பெரிய பேச்சு கிடையாது. எனக்கு ரொம்ப வேண்டியவர் யாரென்று கேட்டால் அந்த விரலைச் சொல்லுவேன்.

பிரசங்கத்தில் தூங்கிவிடுவேன். முழு நைட் ஷிப்ட் முடிந்து நேரே வந்திருப்பேன். மின்விசிறிக்குக் கீழே, யாரோ கடமையாகப் பேசிக்கொண்டிருக்க, என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று தெரிந்த அந்த இடத்தில் வந்த தூக்கம் எனக்கு வீட்டில் வந்ததில்லை. கண் விழித்தால் அக்கா தோளில் என் தலை இருக்கும். "கையி சும்மா இருக்க மாட்டேங்குதுட்டி ஒனக்கு. தூக்கத்துலயும் நூலப் பிடிக்குது" என்பாள்.

இப்படியே போயிருந்தால் எனக்குப் போதும். ஆனால் ஐயரம்மா ஒருநாள், "வாற பெண்கள் ஞாயித்துக்கு நாமதான் ஆராதனை நடத்துறோம், நீங்க சாட்சி சொல்லணும்" என்றார்.

சாட்சி என்றால் எனக்கு போலீஸும் கோர்ட்டும்தான். அப்படி இல்லை, ஆண்டவர் நமக்குச் செய்ததைச் சபைக்கு முன்னால் நின்று சொல்வது என்று அக்கா விளக்கிய பிறகு பயம் இன்னும் கூடிவிட்டது. கோர்ட்டு என்றால்கூடப் பார்த்ததைச் சொல்லிவிட்டு வந்துவிடலாம். இங்கே நான் கேட்ட சாட்சிகள் எல்லாம் நல்லபடியாக முடிந்தவை. ஒருத்தருக்குக் கல் கரைந்தது. ஒருத்தர் மகனுக்கு போலீஸில் வேலை கிடைத்தது. ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். எனக்கு என்ன இருக்கிறது? இத்தனை செவ்வாய்க்கிழமை, இத்தனை ஜெபம், அவர் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. வாரா வாரம் "எப்படி இருக்காக?" என்று அன்பாகத்தான் கேட்கிறார்கள். "அப்படியேதான் இருக்காக" என்று சொல்லும்போது எனக்குப் பரீட்சையில் தோற்ற மாதிரி இருக்கும்.

அதை மைக்கில் வேறு சொல்ல வேண்டுமா? சொன்னால் என்ன நினைப்பார்கள்? எவ்வளவு செய்தும் பலிக்காத வீடு என்று நினைக்க மாட்டார்களா? நினைத்தால் செவ்வாய்க்கிழமை நின்றுபோகும். அண்ணன் நின்றான், சித்தப்பா வாசலோடு நின்றார், இவர்களும் நிற்பார்கள். என் பயம் அவ்வளவுதான். ஆண்டவர் என்ன நினைப்பார் என்றுகூட நான் அப்போது யோசிக்கவில்லை.

அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது போய் உட்கார்ந்தேன். "அக்கா, எங்க வீட்ல ஒன்னுமே நடக்கலயே. என்னத்தச் சொல்ல?"

"நடந்ததச் சொல்லு."

"நடக்கலங்கேன்."

"அப்ப நடக்காததச் சொல்லு. செத்த நேரந்தான. அதுக்குள்ள யாரும் செத்துற மாட்டாக."

அந்த ஞாயிறு எனக்கு முதல் ஷிப்ட்; மில்லில் லீவு கிடைக்காது, அதைச் சாக்காகச் சொல்லித் தப்பிக்கலாம் என்று கடைசி நம்பிக்கை. கேட்ட லீவை என்றைக்கும் கொடுக்காத சூப்பர்வைசர், கோயில் என்று நான் வாயெடுத்ததுமே, "போயிட்டு வாம்மா" என்றுவிட்டார்.

அந்த ஞாயிறு வீட்டுக்காரரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து, பக்கவாட்டுக் கதவோரம் கைவைத்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவரைக் கூட்டிவர வேண்டாம் என்றுதான் நான் சொன்னேன். கேட்க ஆளில்லை. என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதும் எழுந்து போனேன்.

மெஷின் சத்தத்தில் பேசிப் பேசி எங்களுக்குக் குரல் அப்படித்தான் ஆகிவிடும், மெதுவாகப் பேச வராது. மைக்கில் நான் "எல்லாருக்கும் ஸ்தோத்திரம்" என்றதும் அது கீச்சென்று கத்தியது. முன் வரிசையில் ஒரு பாட்டியம்மா காதைப் பொத்தினார். யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"எங்க வீட்டுக்காரரு எந்திரிக்கல" என்றேன். "எல்லாரும் ஜெபம் பண்ணுனீக. எந்திரிக்கல. பேச்சும் வரல."

கதவோரத்திலிருந்து, "போ" என்றது.

எல்லோரும் திரும்பினார்கள். எங்கோ ஒரு சிரிப்பு கிளம்பி அடங்கியது. என் வாய் நிற்கவில்லை. "அந்த ஒத்த வார்த்ததான் வருது. அதக் கேட்டுட்டு எங்க ஆளுக எல்லாம் போயிட்டாக. நீங்க போகல. எனக்கு முன்ன இருந்த பயம் இப்பவும் இருக்கு. கேஸ் அடுப்ப மூடுனனான்னு பாதித் தெருவுல இருந்து திரும்பிப் போறேன். செவ்வாக்கிழம மட்டும் திரும்பிப் போறதில்ல. அம்புட்டுதான். வேற சாட்சி எனக்கு இல்ல."

மைக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். யாரோ வாங்கிக்கொண்டார்கள். அல்லேலூயா என்று யாரும் சொல்லவில்லை. ஐயரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்த பாட்டுக்கு நம்பர் சொன்னார்கள். இடத்துக்கு வந்து உட்கார்ந்ததும் புத்தகம் நடுவுக்கு வந்தது, விரல் முதல் வரிக்கு அடியில் போய் நின்றது.

ஆராதனை முடிந்து வெளியே பந்தலில் சாப்பாடு. காதைப் பொத்திய பாட்டியம்மா என் இலைக்கு எதிரே வந்து நின்றார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "எம் மக வாழாவெட்டியா வீட்டோட இருக்கா, எத்தனையோ வருசமா" என்றார். "சாட்சி நேரம் வந்தா நான் வெளிய போயித் தண்ணி குடிப்பேன். தாகமே இருக்காது. இன்னைக்குத்தான் உள்ள இருந்தேன். ஒன் தொண்டைக்குக் காது போச்சு, அது வேற." சொல்லிவிட்டு ரசத்தை நோக்கி நகர்ந்துவிட்டார்.

அது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் செவ்வாய்க்கிழமை வரைக்கும் எனக்கு நிலைகொள்ளவில்லை. வருவார்களா, மாட்டார்களா? அந்த வாரம் முழு நைட். காலையில் வந்து படுத்தும் தூங்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். அன்றைக்கு முறை ஐயரம்மாவுக்கு. அவர் வரவில்லை. அக்காதான் வந்தாள், வெறுங்கையோடு. முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

"மூஞ்சியக் கழுவிட்டுக் கெளம்பு" என்றாள். "ஐயரம்மா பஸ் ஸ்டாப்புல நிக்காக. ஸ்ரீவில்லிபுத்தூர்ல புதுசா ஒரு வீடு. மாமியாருக்கு இழுத்துக்கிச்சாம், மருமக ஒத்தையில கெடந்து அல்லாடுதாளாம். நீ கூடப் போயிட்டு வா. இங்க நான் இருக்கேன்."

"நானா? எனக்கு ஜெபம் பண்ணத் தெரியாதேக்கா."

"தெரிஞ்சவுக கூட வாராக. ஒனக்குத்தான் இழுத்துக்கிட்டவுகளப் பாக்கத் தெரியும். சும்மா போயி உக்காரு."

"எனக்கு ஒடம்பு அலுப்பா இருக்குக்கா. தூங்கவே இல்ல."

"அலுப்பு இல்லாதவ யாரு இங்க? பஸ்ஸுல தூங்கு."

நான் கட்டிலைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன சொல்வார் என்று தெரியும், எதற்குச் சொல்வார் என்றுதான் தெரியாது.

"போ" என்றார்.

முகத்தைப் பார்த்தேன். போகாதே, இரு என்று சொல்கிறாரா? பிடிபடவில்லை. இத்தனை நாளும் அந்த வார்த்தைக்கு வேறு வேறு அர்த்தம் தேடினவள், அன்றைக்கு உள்ளபடியே எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினேன். தெருமுனை வரை போய், கேஸை மூடினேனா என்று நின்றேன். அக்கா இருக்கிறாள் என்று ஞாபகம் வந்தது. நடந்தேன்.

பஸ்ஸில் தூங்கவில்லை. செண்பகத்தோப்புப் பக்கம் மலையில் மேகம் இறங்கியிருந்தது, மழை வந்தால் மாடியில் காயப்போட்ட துணி என்னாகும் என்று பார்த்துக்கொண்டே போனேன். ஐயரம்மா என் தோளில் சாய்ந்து குறட்டை விட்டார்.

அந்த வீட்டு வாசல் தண்ணீர் தெளித்துக் காயாமல் கிடந்தது. மருமகள் என்னைவிடச் சின்னவள், பெட்டியிலிருந்து எடுத்த மடிப்புக் கலையாத சேலை கட்டியிருந்தாள், கண்ணுக்குக் கீழே கருத்துக் கிடந்தது. எங்களைத் தாண்டித் தெருவை எட்டிப் பார்த்தாள்.

"ஐயர் வரலையாம்மா?" என்றாள். "வாராகன்னு சொன்னாகளே."

உள்ளே பினாயில் வாசம். அதற்கு மேல் ஊதுபத்தி. கட்டிலில் கிடந்த கிழவி எங்களைப் பார்த்து ஏதோ முனகியது. மருமகள் பதறிப்போய், "அவிய அப்படித்தான், தப்பா எடுத்துக்கிறாதீக" என்றாள்.

நான் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து காலை நீட்டினேன். பாதம் ரெண்டும் விண்விண்ணென்று தெறித்தது. பினாயிலுக்கு அடியில் எனக்குத் தெரிந்த ஒரு வாசம் வந்தது.

"கொழம்ப எங்க ஒளிச்சு வச்சிருக்க, தாயி?" என்றேன். "எடுத்துட்டு வா. காலையில இருந்து நான் ஒன்னும் சாப்பிடல."